கிழக்கே கடல்... மேற்கே கண்மாய்!

"மாப்ள, எங்க ஊருக்கு வாடா. கிழக்கே போனா கடல், மேற்கே போனா கண்மாய். ரெண்டுலயும் குளிக்கலாம்!"

இந்த ஒரே டயலாக்கைச் சொல்லிச் சொல்லியே மூணு வருஷமா என் தட்டுல இருந்து பாதி பரோட்டாவைக் காலி பண்ணினவன் என் ரூம்மேட். ஊர், கோட்டைப்பட்டினம். கடைசி வருஷப் பொங்கல் லீவு வந்ததும், 'இந்தத் தடவை விடக் கூடாது'ன்னு துண்டு, சோப்போட கிளம்பிட்டேன்.

அறந்தாங்கியில பஸ் மாறி, ஆவுடையார்கோயில், மீமிசல் வழியா பயணம். குதிரை வாங்கச் சொல்லி பாண்டியன் கொடுத்த பணத்துல மாணிக்கவாசகர் கோயில் கட்டினதாச் சொல்வாங்களே, அது இந்த ஆவுடையார்கோயில்தான். (செமஸ்டர் ஃபீஸை வேற வழியில செலவு பண்றவங்க இதை வீட்ல உதாரணமாக் காட்ட வேண்டாம்!) மீமிசல்ல கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடிச்சு வடக்கே திரும்பினா ஜெகதாப்பட்டினம், அடுத்தது கோட்டைப்பட்டினம். விசைப்படகு, ஐஸ் பெட்டி, மீன் ஏத்துற வண்டி, தர்கா, டீக்கடை... ஊரே கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கு.

ஆனா, ரோட்டைத் தாண்டி மேற்கே ஒரு மைல் போனா வேற உலகம். வயல், பனைமரம், கண்மாய்க் கரை. ஓடிப்போய் கரை ஏறினேன். உள்ளே பார்த்தா... பசங்க கிரிக்கெட் ஆடிக்கிட்டு இருந்தாங்க! தூரத்துல மடைக்குப் பக்கத்துல மட்டும் முழங்கால் அளவுக்குத் தண்ணி. அதுல நாலு கொக்கு, ரெண்டு எருமை.

"இதுலயாடா குளிக்கலாம்னே?"

"நான் சொன்னது டிசம்பர்ல" என்றான் கூச்சமே இல்லாம.

கரையில ஏழெட்டுப் பெரியவங்க குத்தவச்சுப் பேசிக்கிட்டு இருந்தாங்க. நடுவுல ரூம்மேட்டோட நன்னா. பேச்சு கொஞ்சம் சூடாவே இருந்துச்சு. விஷயம் இதுதான். நெல்லு கதிர் விட்டு நிக்குது. இன்னும் ஒரே ஒரு தண்ணி பாய்ச்சினா பால் பிடிச்சுத் தேறிடும். ஆனா கண்மாய்த் தண்ணி மடைவாய்க்குக் கீழே இறங்கிடுச்சு. திறந்து விட்டாலும் வராது. ஆயில் இன்ஜின் வச்சு இறைக்கலாம். இறைச்சா, சித்திரை வைகாசியில ஆடு மாட்டுக்குக் குடிக்க என்ன இருக்கும்? நெல்லா, மாடா?

நான் வழக்கம்போல ஓவரா யோசிக்காம, "போர் போட்டா என்ன நன்னா?"ன்னு கேட்டேன். எல்லாரும் சிரிச்சுட்டாங்க. நன்னா மட்டும் எழுந்து கூட்டிட்டுப் போய் ஒரு போர் குழாயைத் திறந்து, "குடிச்சுப் பாருங்க தம்பி" என்றார். உப்பு! கண்மாய்ல தண்ணி நின்னு ஊறுற வரைக்கும் நிலத்தடியில நல்ல தண்ணி கடல் தண்ணியைத் தள்ளி வச்சிருக்கும். கண்மாயும் காஞ்சு, போர்லயும் உறிஞ்சினா உப்பு உள்ளே வந்துடும். அதனால, கண்மாய்ங்கறது வயலுக்கு மட்டுமில்ல, ஊர்க் கிணத்துக்கும் காவல்.

புதுக்கோட்டை மாவட்டத்துல ஐயாயிரத்துக்கும் மேல கண்மாயும் குளமும் இருக்கு. மேட்டூர் அணையோட 1934-ல பிறந்த கல்லணைக் கால்வாய் சுமார் 148 கி.மீ. ஓடி வந்து இந்தப் பக்கம் மும்பாலை ஏரியோட முடிஞ்சிடுது. அந்தத் தண்ணி எட்டாத கண்மாய்களுக்கு வானம்தான் மேட்டூர். அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்குப் பருவமழை. அதுல ரொம்பினாத்தான் உண்டு.

"அந்தக் காலத்துல ஆவணி, புரட்டாசியில புழுதியில விதைச்சுட்டு நிம்மதியாத் தூங்குவோம். ஐப்பசி கார்த்திகையில விட்டு விட்டு அடைமழை பெய்யும். இப்போ ஒரே நாள்ல கொட்டுது தம்பி. ராத்திரி கலுங்கு தாண்டிப் போகுது, விடிஞ்சா கடல்ல கிடக்குது. அப்புறம் பொங்கல் வரைக்கும் ஒரு பொட்டு இல்ல" என்றார் நன்னா.

தெர்மோடைனமிக்ஸ்ல அரியர் வச்சிருக்கிற எனக்கே இது புரிஞ்சுது. காத்து ஒரு டிகிரி செல்சியஸ் சூடானா, சுமார் 7 சதவீதம் அதிகமா நீராவியைப் பிடிச்சு வச்சுக்க முடியும். அதனால பெய்யும்போது கொட்டுது. பெய்யாத நாள்ல இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சுது. கண்மாயோ தட்டு மாதிரி. பரப்பு பெருசு, ஆழம் குறைவு. வெயில்ல ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாச்சுன்னு வைங்க, நூறு நாள்ல அரை மீட்டர் காலி. ஒரு சொட்டு பாய்ச்சாமலே!

கணக்கும் அதையே சொல்லுது. 2016 வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டுல 62 சதவீதம் குறைவு. 2017 ஜனவரியில எல்லா மாவட்டத்தையும் வறட்சி பாதிச்சதா அரசு அறிவிச்சுது. 2021-ல அதே பருவமழை 59 சதவீதம் அதிகம். நடுவுல 2018 நவம்பர் 16-ல கஜா புயல் வேற வந்து இந்தப் பக்கத்துத் தென்னையையெல்லாம் சாய்ச்சுட்டுப் போச்சு. இந்த ஆட்டத்துக்கு எந்தக் கண்மாய் ஈடு கொடுக்கும்?

இது நம்மூர் சோகம் மட்டுமில்ல. 1992-ல இருந்து 2020 வரைக்கும் செயற்கைக்கோள் படங்களை வச்சு உலகத்தோட 1,972 பெரிய ஏரி, அணைகளை அளந்து, 'சயின்ஸ்' இதழ்ல 2023-ல ஓர் ஆய்வு வந்துச்சு. பாதிக்கும் மேல, 53 சதவீதம், தண்ணி குறைஞ்சிருக்கு. அதுல முக்கியமான குற்றவாளிகள் ரெண்டு பேர்: சூடாகுற பூமி, அளவில்லாம எடுக்குற மனுஷன். ஆரல் கடல் வத்தினதுக்குப் பருத்திக்காக ஆத்தைத் திருப்பினதுதான் பெரிய காரணம்.

இங்கேயும் எல்லாப் பழியையும் வெப்பம் மேல போட்டுட்டு நாம தப்பிச்சுக்க முடியாது. கண்மாய்க்குள்ள பாதி இடம் சீமைக் கருவேலம். மீதியில வண்டல். வரத்துக்கால் எங்கேன்னு கேட்டா, ஒரு தாத்தா வேலி போட்ட தோப்பைக் கை காட்டினார். மழை வர்றதே நாலு நாள். அந்த நாலு நாளும் தண்ணி உள்ளே வர வழி இல்லைன்னா? மழையை நம்மால மாத்த முடியாது, வரத்துக்காலை வெட்ட முடியும். கஜாவுக்கு அப்புறம் 2019-ல பக்கத்துப் பேராவூரணியில இளைஞர்கள் சங்கம் சேர்ந்து காசு திரட்டி, பெரியகுளத்தைத் தூர்வாரினாங்களே!

ராத்திரி சாப்பாட்டுல இன்னொரு பஞ்சாயத்து. பக்கத்து வயல்காரர் நிலத்தை இறால் பண்ணைக்குக் குத்தகைக்கு விட்டுட்டார். நன்னாவுக்கும் ஆள் வந்து கேட்டாச்சு. ரூம்மேட்டோட அத்தா, "கொடுத்துட்டா மாசாமாசம் காசு வரும், இவன் படிப்புக் கடனும் அடையும்" என்றார். நன்னா மீன் முள்ளை எடுத்துக்கிட்டே, "உப்புத் தண்ணி நின்ன வயல்ல அப்புறம் நெல்லு வராதுப்பா" என்றார். அதுக்கப்புறம் யாரும் பேசல. ரூம்மேட் தட்டையே பார்த்துக்கிட்டு இருந்தான். எனக்கும் யார் பக்கம்னு சொல்லத் தெரியல. அத்தா சொன்னதும் பொய்யில்லையே.

மறுநாள் விடியக்காலை டுப் டுப்னு இன்ஜின் சத்தம். ஊர் முடிவு பண்ணிடுச்சு: கதிர் விட்ட வயலுக்கு மட்டும் முறை வச்சு ரெண்டு ராத்திரி, ஒரு பகல். டீசல் செலவு ஏக்கர் கணக்குல பங்கு. தண்ணிக்குள்ள ஒரு குச்சி நட்டு கயிறு கட்டியிருந்தாங்க. அந்தக் கயிறு வரைக்கும் இறங்கினதும் இன்ஜினை நிறுத்திடணும். மிச்சம் மாட்டுக்கு. நன்னா ஒரு மண்வெட்டியை என் கையில கொடுத்துட்டார். வாய்க்கால் உடைப்பை அடைச்சு அடைச்சே முதுகு கழண்டு போச்சு.

மாசியில ரூம்மேட் வீட்டுல இருந்து போன். எதிர்பார்த்ததுல பாதி மூட்டைதானாம். விதைநெல்லைத் தனியா எடுத்து வச்சுட்டாராம் நன்னா. குத்தகைக்குக் கேட்டவருக்கு இன்னும் பதில் சொல்லலையாம்.

அப்புறம், அந்தக் கடல்லயும் குளிக்கல. பாக் நீரிணை அங்கே ஆழமே இல்லாம, கரையெல்லாம் சேறு. சோப்பை அப்படியே ஹாஸ்டலுக்குத் திரும்பக் கொண்டு வந்துட்டேன்.