பழைய மெஷின் வித்த கதை

போன மாசம் என்னோட மரவேலை மெஷின் ரெண்டை வித்தேன். ஒண்ணு கையில பிடிச்சு இழைக்கிற பிளானர். இன்னொண்ணு 7 இஞ்ச் பிளேடு போட்ட கட்டிங் மெஷின். விவசாயிக்கு எதுக்கய்யா இதெல்லாம்னு கேப்பீங்க. ஆறு வருசத்துக்கு முன்னால காத்துல ரெண்டு வேப்பமரம் சாஞ்சுது. மில்லுல பலகையா அறுத்துட்டு வந்து, மாட்டுக் கொட்டகைக்குக் கதவெல்லாம் நானே பண்ணிக்கலாம்னு ஒரு ஆசை. மெஷின் ரெண்டையும் டவுன்ல ஒரு பழைய சாமான் கடையிலதான் வாங்கினேன்.

அன்னைக்கு நான் ஏமாந்தது பளபளப்புல. பிளானருக்குப் புதுசா பெயிண்ட் அடிச்சு, ஸ்டிக்கரும் ஒட்டியிருந்தாங்க. கடைக்காரர் சுவிட்சைப் போட்டுக் காட்டினார், ஓடுச்சு. வெறுமனே ஓட்டினா எந்த மோட்டாரும் ஓடும்ங்க. வேப்பம்பலகையில வெச்சு அழுத்தின மூணாம் நாளே புகை. ஆர்மேச்சர் போயிருச்சு. கடையில போய்க் கேட்டா, "பழசுக்கு ஏதுங்க கேரண்டி"ன்னுட்டார். காயில் கட்ட 1,200 ரூபா ஆச்சு.

காயில் கட்டிக் கொடுத்த பெரியவர்தான் இந்த விசயத்துல எனக்கு வாத்தியார். பழைய மெஷினை மொதல்ல மூக்கால பாக்கணும்னார். காத்து போற ஓட்டைகிட்ட மோந்து பாத்தா, கருகின காயிலோட வார்னிஷ் வாடை காட்டிக் கொடுத்துரும். அப்புறம் நிழலான இடத்துல ஓட்டி, அதே ஓட்டை வழியா உள்ள பாக்கணும். கார்பன் பிரஷ்கிட்ட சின்னதா நீலப்பொறி தெரிஞ்சா பரவால்ல. நெருப்பு வளையமாச் சுத்துனா ஆர்மேச்சர்ல கோளாறு. தண்டைப் பிடிச்சு ஆட்டிப் பாத்தா பேரிங் தேஞ்சது தெரியும். மரத்தை வெச்சு அஞ்சு நிமிசம் ஓட்டிப் பாக்க விடாதவன்கிட்ட வாங்கவே கூடாது. பில்லும் கேக்கணும், கட்டட வேலை நடக்கிற இடத்துல திருடின மெஷின்கூட விலைக்கு வரும்.

மாடு வாங்கறப்பவும் பல்லைப் பாக்கறோம், சுழி பாக்கறோம், நடக்க விட்டுப் பாக்கறோம். கண்ணபுரம் சந்தையில துண்டுக்குள்ள விரலைப் பிடிச்சு எப்படி வேணா விலை பேசிக்கலாம். ஆனா முட்டற மாட்டை முட்டும்னு சொல்லாம வித்தவனை ஊரு மறக்காது. மெஷினுக்கு அந்தப் பயம் கிடையாது. வித்தவன் யாரோ, வாங்கினவன் யாரோ.

இப்ப எனக்குத் தோள்பட்டை வலி, மெஷினைத் தூக்க முடியலை. பக்கத்து ஊர்ப் பையன் ஒருத்தன் வந்தான். மரவேலை கத்துக்கிட்டுத் தனியா தொழில் ஆரம்பிக்கிறான். சம்சாரத்தோட கம்மலை அடகு வெச்ச காசுன்னு பேச்சுவாக்குல சொன்னான். பிளானர் காயில் கட்டினதுன்னு நானாவே சொல்லிட்டேன். "சாயங்காலம் கரண்டு கம்மியா வர்றப்ப ஓட்டாதப்பா, திணறிச் சூடாயிரும்"னும் சொன்னேன். 6,000 கேட்டு 5,000-க்கு முடிஞ்சுது. 4,000 கையில கொடுத்துட்டான். மிச்சத்துக்குக் கொட்டகைக் கதவு ஒண்ணைச் சரிபண்ணித் தரணும்னு பேச்சு.

எல்லாம் சொன்னவன் ஒண்ணை மட்டும் சொல்லலை. கட்டிங் மெஷின்ல பிளேடுக்குக் கீழ ஒரு தகடு இருக்கும். மரத்துக்குள்ள போறப்ப மேல ஏறிக்கும், வெளிய வந்ததும் ஸ்பிரிங் இழுத்துப் பிளேடை மூடிரும். என் மெஷின்ல ஸ்பிரிங் அறுந்து நாலு வருசமாச்சு. தகடு இடைஞ்சலா இருக்குன்னு கட்டுக்கம்பி போட்டு மேல தூக்கிக் கட்டிட்டேன். சுவிட்சை விட்ட பிறகும் பிளேடு கொஞ்ச நேரம் சுத்தும். அப்படிச் சுத்தினப்ப மெஷினைக் கீழ இறக்கித்தான் இடது முட்டிக்கு மேல ஏழு தையல் வாங்கினேன்.

மறந்துட்டேன்னு எழுதலாம். மறக்கலைங்க. சொன்னா இன்னொரு 500 குறைப்பானேன்னு இருந்துச்சு. அவனே பாத்திருப்பான்னு சமாதானம் வேற.

ராத்திரி சம்சாரத்துகிட்ட சொன்னேன். "அந்தப் புள்ளையோட கம்மலைத் திருப்பறதுக்கு அவனுக்குக் காலு வேணுமில்ல"ன்னுட்டுத் திரும்பிப் படுத்துக்கிட்டா.

விடிஞ்சதும் போன் போட்டேன்.

"பாத்தனுங்கண்ணா. எல்லாரும் கட்டித்தானுங்க ஓட்டறாங்க. நான் வேலை கத்துக்கிட்ட இடத்துல தகடே கிடையாதுங்க. இதுக்கா போன் பண்ணுனீங்க?"ன்னு சிரிக்கறான்.

அவன் சொல்றதும் நெசம்தான். டைல்ஸ் அறுக்கற 4 இஞ்ச் மெஷின்ல மர பிளேடைப் போட்டு அறுக்கறவங்களையே நான் பாத்திருக்கேன். அதுல கீழ மூடற தகடே கிடையாது, வேகமும் ரொம்ப அதிகம்.

டவுனுக்குப் போய் ஸ்பிரிங் வாங்கினேன், 60 ரூபா. பஸ் ஏறி அவன் கொட்டகைக்கே போய், பிளேடைக் கழட்டி ஸ்பிரிங்கை மாட்டி, கம்பியை வெட்டி எறிஞ்சேன். தகட்டைத் தூக்கி விட்டா டக்குனு மூடுச்சு. அவன் பேசாம பாத்துக்கிட்டு நின்னான். 300 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தேன், வேண்டாம்னான். வேட்டியை மடிச்சுத் தழும்பைக் காட்டினேன்.

"எத்தனை தையலுங்கண்ணா?"

சொன்னேன். ரூபாயை வாங்கிப் பாக்கெட்ல வெச்சுக்கிட்டான்.

போன வாரம் கதவுக்கு அளவெடுக்க வந்தப்ப அந்த மெஷினையும் கொண்டு வந்திருந்தான். தகட்டுல கம்பி இல்லை. நான் பாப்பேன்னு அவுத்துட்டு வந்தானோ என்னமோ. கதவு இன்னும் முடியலை, அடுத்த வாரம்ங்கறான்.