சித்தி விரலும் என் போனும்

கோவில்பட்டிக்குப் பக்கத்துல ஒரு கரிசக்காட்டு ஊர்ல எங்க சித்தி இருக்காங்க. தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை. 5 வருஷமா சுகர். போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப புளூடூத் வச்ச குளுக்கோமீட்டர் ஒண்ணு வாங்கிக் குடுத்தேன். அங்க விரலைக் குத்துனா இங்க என் போன்ல ரீடிங் வந்துரும். பொட்டி தட்டுறவன் புத்தி வேற எங்க போகும்!

பத்து நாள் ஒழுங்கா வந்துச்சு. ஒருநாள் 286. உடனே போன் போட்டு, என்னத்தச் சாப்ட்டீங்க, மாத்திரை போட்டீங்களா இல்லையான்னு வாங்கு வாங்குன்னு வாங்கிட்டேன். அதோட ரீடிங் நின்னு போச்சு. கேட்டா "ஸ்ட்ரிப் தீந்துருச்சுய்யா"ன்னாங்க. நம்பிட்டேன்.

சித்திரைல நேர்ல போறேன்.. பீரோவுக்குள்ள ஸ்ட்ரிப் டப்பா பாதிக்கு மேல அப்படியே இருக்கு. கால் கட்டைவிரல்ல ஒரு புண்ணு. மஞ்சளை அப்பி சேலைக்குள்ள மறைச்சு வச்சிருக்காங்க.

அன்னைக்குன்னு பாத்து மக்களைத் தேடி மருத்துவம் பொண்ணு வந்துச்சு. 2021 ஆகஸ்ட் 5ல கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளில தொடங்குன திட்டம். வீடு தேடி வந்து பிரஷர், சுகர் பாத்து மாத்திரை குடுக்குறது. சித்தி மறுபேச்சில்லாம விரலை நீட்டுறாங்க! அந்தப் பொண்ணும் மிசின்லதான் பாத்துச்சு, போன்லதான் ஏத்துச்சு. எனக்குன்னா எரிச்சல்.

"அவ வந்தா ஆசுபத்திரிக்கு அலையாம மாத்திரை கிடைக்கி. போனா ஒருநாக் கூலி போச்சுல்ல. ஒன் மிசினு என்னய்யா குடுத்துச்சு? வசவுதான?"

பதில் இல்ல என்கிட்ட.

தாய்லாந்துலயும் கிட்டத்தட்ட இதே கதைதான். சுகர்காரங்க கண்ணோட விழித்திரைப் படத்தைப் பாத்து பாதிப்பைச் சொல்ற ஏஐ ஒண்ணை கூகுள்காரங்க அங்க 11 கிளினிக்ல வச்சுப் பாத்து, 2020ல எழுதியிருந்தாங்க. படம் சரியா இல்லைன்னு அஞ்சுல ஒண்ணை அது தள்ளிருச்சாம். தள்ளுனா இன்னொரு நாள் தூரத்து ஆஸ்பத்திரிக்குப் போகணும். சில நர்ஸுங்களே இதுல சேர வேணாம்னு நோயாளிகளைத் தடுத்திருக்காங்க. எங்க ஆபீஸ்லன்னா இதுக்குப் பேரு 'யூசருக்கு மோட்டிவேஷன் இல்ல'. ரெண்டு ஸ்டார், ஒரு பேட்ஜ் குடுத்தாச் சரியாயிரும்பாங்க :-)

மறுநாளே கோவில்பட்டி அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். அந்த நாள் கூலியை நான் குடுத்ததுக்கு வாங்கவே மாட்டேன்னு ஒரே சண்டை. புண்ணு இப்ப ஆறிருச்சு.

அந்த ஆப்பை என் போன்ல இருந்து எடுத்துட்டேன். ஞாயித்துக்கிழமையானா சித்தியே கூப்பிட்டுச் சொல்றாங்க. போன வாரம் 214. நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு.. "சரி சித்தி"ன்னு மட்டும் சொல்லி வச்சேன்.