களைக்கொட்டும் நானும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், கருப்பாநதி அணையின் நீரை நம்பி வாழும் ஊர்களுள் கடையநல்லூரும் ஒன்று. 2019ஆம் ஆண்டில் தென்காசி மாவட்டம் தோன்றியபோது இவ்வூர் அதனைச் சேர்ந்தது. ஆனித் திங்களில் மேல்காற்றோடு சாரல் வீசும். ஐப்பசியில் அடைமழை பெய்யும். நெல்லும் தென்னையும் செழிக்கும் இவ்வூரில் எங்களுக்கு 40 சென்ட் தோட்டம் உண்டு. இரசாயன உரமும் களைக்கொல்லியும் இன்றி அதில் குடமிளகாய் பயிரிட விரும்பினேன். நாற்றுக்கும் எருவுக்கும் வேண்டிய பணத்தை என் தமக்கையார் கடனாகக் கொடுத்தார்.

குடமிளகாயை அயல்நாட்டுச் செடி என்று சிலர் ஒதுக்குவர். நம் வீட்டு மிளகாயும் அமெரிக்கக் கண்டத்தில் தோன்றி, போர்ச்சுகீசியர் வழியாக நம் நாட்டை அடைந்ததே. இரண்டும் ஓரினம். ஆயினும் குடமிளகாய்க்குக் காரமும் இல்லை. கடும் வெயிலைத் தாங்கும் வலிமையும் இல்லை. வெப்பம் மிகுந்தால் பூக்கள் உதிர்ந்துவிடும். ஆதலால் மழை ஓய்ந்த கார்த்திகைக் கடைசியில் நாற்றை நட்டேன். தைக் குளிரில் பூக்கும் என்பது என் கணக்கு.

அந்தக் கணக்கில் களையைச் சேர்க்க மறந்துவிட்டேன். மண்ணின் ஈரத்தில் சாரணையும் கோரையும் பொங்கி எழுந்தன. கூலியை மிச்சப்படுத்த எண்ணி, “செடி சற்று வளரட்டும்” என்று ஒரு மாதம் தள்ளிப் போட்டேன். பின்னர் நானே மண்வெட்டி எடுத்து ஆழமாக வெட்டினேன். மிளகாயின் வேர்கள் மேல்மண்ணில் படர்பவை. களையோடு அவையும் அறுந்தன. மூன்றாம் நாள் பாதிச் செடிகள் தலை சாய்ந்தன. அவ்வாண்டு கிடைத்தவை ஆறு கூடைக் காய்களே. தமக்கையார் கடனைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. அதுதான் என்னை மிகவும் வருத்தியது.

எங்கள் தெருவில் களையெடுத்தே வாழ்நாளைக் கழித்த ஆச்சி ஒருவர் இருக்கிறார். அவரை அழைத்துத் தோட்டத்தைக் காட்டினேன். “தம்பி, நட்டு நாற்பது நாள் வரை செடி கைக்குழந்தை. அதன் சோற்றில் வேறு எவரும் கை வைக்கக்கூடாது. பிறகு அதன் நிழலே களையை அடக்கிவிடும்” என்றார். கோரையைப் பற்றிக் கேட்டேன். “மேலே வெட்டினால் கிழங்கிலிருந்து மறுபடியும் கிளம்பும். சித்திரையில் உழுது, கிழங்கை வெயிலில் போடு, காய்ந்து சாகட்டும்” என்றார்.

அவ்வாறே கோடையில் இருமுறை உழுதேன். நடுவதற்கு இருபது நாள் முன்னதாகப் பாத்தியை நனைத்து, களைவிதைகளை முளைக்க விட்டேன். முளைத்தவற்றை ஆச்சி களைக்கொட்டால் மேலாகச் செதுக்கினார். அடிமண்ணைக் கிளறினால் உறங்கும் விதைகள் விழித்துக்கொள்ளும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். நட்டபின் செடிகளுக்கிடையே நான்கு விரல் கனத்துக்கு வைக்கோல் பரப்பினோம். தண்டை வைக்கோல் தொட்டால் அழுகும். ஆகையால் சுற்றிலும் இடம் விட்டோம். உழவர் இதனை மூடாக்கு என்பர். 1960களில் கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிப் பின்னர் அப்பணியைத் துறந்த நம்மாழ்வார், 2013இல் மறையும்வரை இதனை ஊர்தோறும் எடுத்துரைத்தார். மூடாக்கு வெயிலை மறைத்துக் களையைத் தடுக்கிறது. மண்ணின் ஈரத்தையும் குளிர்ச்சியையும் காக்கிறது. எங்கள் வைக்கோலில் தப்பிக் கிடந்த நெல்மணிகள் முளைத்தது வேறு கதை! “மிளகாய் நட்டு நெல் அறுக்கப் போகிறாயா?” என்று ஆச்சி சிரித்தார்.

ஒரு செய்தியில் மட்டும் எங்களுக்குள் வழக்கு எழுந்தது. வரப்பில் மணத்தக்காளி செழித்திருந்தது. அது மிளகாயின் குடும்பத்தைச் சேர்ந்தது. மிளகாயைத் தாக்கும் பூச்சிக்கும் நோய்க்கும் புகலிடம் ஆகும். பிடுங்க வேண்டும் என்றேன். கீரையைப் பிடுங்குவதா என்று அவர் சினந்தார். முடிவில் செடிகளை வேரோடு எடுத்துத் தம் வீட்டுக் கொல்லையில் நட்டுக்கொண்டார்.

அவ்வாண்டு முப்பத்தொரு கூடை காய்த்தது. இரசாயன உரமிட்ட பக்கத்துத் தோட்டத்தின் விளைச்சலை அது எட்டவில்லை. எனினும் தமக்கையாரின் கடன் தீர்ந்தது. வடகிழக்கு மூலையில் மட்டும் கோரை வைக்கோலைத் துளைத்துக்கொண்டு இன்னும் தலைகாட்டுகிறது. வரும் சித்திரையில் அங்கே மீண்டும் உழ வேண்டும் என்று ஆச்சி சொல்லியிருக்கிறார். கிழங்கு பொறுக்கக் கூலி எவ்வளவு என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட்டார்.