ஏர் கன்னுக்கு எந்த ஆயில்?

2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேரில், டெய்ரி ஃபார்ம் பகுதி டயர் கடை ஒன்றில் நின்றிருந்தேன். லாரி ஒன்று ஜாக்கியில் ஏறியிருந்தது. கடைப் பையன் நட்டு கழற்றும் ஏர் கன்னைச் சக்கர நட்டில் வைத்து அழுத்தினான். கன் முனகியது, நட்டு அசையவில்லை.

“காத்து ஃபுல்லா இருக்குண்ணே. கன்னுதான் இழுக்கல.”

கடைக்காரர் கன்னைத் தொடவில்லை. கம்ப்ரஸர் டேங்கின் அடியிலிருந்த வால்வைத் திறந்தார். துருநிறத் தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது. ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ. மழை பெய்யும் ஊர். காற்றில் எப்போதும் ஈரம். அந்தக் காற்றை 7 பாருக்கு அழுத்தினால் எட்டில் ஒரு பங்காகச் சுருங்கும். டேங்கில் ஆறும்போது ஈரம் தண்ணீராகிவிடும். அதில் ஒரு பகுதி ஹோஸ் வழியாகக் கன்னுக்குள்ளும் போகும்.

கன்னைப் பிரித்தார். உள்ளே ரோட்டர், அதன் பள்ளங்களில் மெல்லிய பிளேடுகள். ரோட்டர் சுழலும்போது பிளேடுகள் வெளியே நகர்ந்து உருளைச் சுவரை ஒட்டி ஓடினால்தான் காற்று கசியாமல் வேகம் கிடைக்கும். சில பிளேடுகள் பள்ளத்திலேயே பசைபோட்டதுபோல் ஒட்டியிருந்தன.

“என்னடா ஊத்தின?”

“வண்டிக்கு ஊத்துற ஆயில்தாண்ணே.”

20டபிள்யூ-40 இன்ஜின் ஆயில் இந்த மெல்லிய பிளேடுகளுக்குக் கெட்டி. அதிலுள்ள டிடர்ஜென்ட் தண்ணீரைப் பிரியவிடாமல் பிடித்து வைத்துக் கூழாக்கும். மண்ணெண்ணெயோ துரு நீக்கும் ஸ்ப்ரேயோ ஒட்டியதைக் கழுவும். ஆனால் காக்கும் படலமாக நிற்காது. பிரேக் ஆயில் ஓ-ரிங்கை ஊத வைத்துவிடும்.

அவர் அலமாரியிலிருந்து எடுத்தது ஏர் டூல் ஆயில். டப்பாவில் ‘ஐஎஸ்ஓ விஜி 32’ என்றிருந்தது; சில கருவிகளுக்கு 22 கேட்பார்கள். மெல்லிய ஆயில், துருத் தடுப்பானும் கலந்தது. “சென்னைக் கப்பல் தள்ளிப்போச்சுன்னா இது கிடைக்காது. அப்ப ஹைட்ராலிக் ஆயில் 32. ஆபத்துக்குப் பாவமில்ல” என்றார். பக்கத்திலிருந்த கம்ப்ரஸர் ஆயிலை எடுக்கப்போன பையனைத் தடுத்தார். பிஸ்டன் கம்ப்ரஸரின் சூட்டுக்கு 68, 100 என்று கெட்டியான ரகம் வேண்டும். அது கன்னுக்கு ஆகாது. கன்னின் சுத்தியல் பகுதிக்குப் பெரும்பாலும் கிரீஸ்தான்.

பிளேடுகளைத் துடைத்துப் பூட்டி, காற்று நுழையும் வாயில் நாலைந்து சொட்டு விட்டார். வெளியேறும் துளையில் துணியைப் பிடித்துச் சில விநாடி வெறுமனே ஓடவிட்டார். துணியில் ஆயில் தெறித்தது. லாரி நட்டு இந்த முறை கழன்றது.

ஹோஸ் லைனில் தானாகச் சொட்டும் லூப்ரிகேட்டர் மாட்டலாமே என்றேன். “இதே லைன்லதான் பெயிண்ட் ஸ்ப்ரேயும் அடிக்கிறோம். ஆயில் கலந்தா பெயிண்ட் பிடிக்காது” என்றார். அதனால் அங்கே கையால் விடும் சொட்டுதான்.

இந்தத் தீவில் நல்ல ஆயில் வாங்குவது பாதி வேலை. தினமும் டேங்க் தண்ணீரை வடிக்காத கடையில் எந்த டப்பாவும் கன்னைக் காப்பாற்றாது.