புகழோ, பழியோ?

சென்ற மாதம் பழைய மாணாக்கர் ஒருவரிடமிருந்து எமக்குக் கடிதமொன்று வந்தது. "எங்கள் காலத்திலே நீங்கள் ஃபோர்மிடபிளான ஆசிரியர்" என்று அதில் எழுதியிருந்தார். அகமகிழ்ந்து, அதனை எம் மனைவியாரிடம் காட்டினோம். முழுவதையும் வாசித்துவிட்டு, "இது புகழோ, பழியோ?" என்று அவர் வினவினார். பல்லாண்டுகளாக வகுப்பிலே கற்பித்து வந்த அவ்வாங்கிலச் சொல்லை மீண்டும் ஆராய வேண்டியதாயிற்று.

இலத்தீன் மொழியிலே அச்சத்தைக் குறிக்கும் 'ஃபோர்மீடோ' என்பதன் அடியாகப் பிறந்தது இச்சொல். வேட்டையிலே விலங்குகளை மிரட்டுதற்கு இறகுகள் கோத்துக் கட்டிய கயிற்றையும் உரோமர் அப்பெயராலேயே வழங்கினர்.

எனினும் அச்சம் மாத்திரம் இதன் பொருளன்று. வலிமை மாத்திரமும் அன்று. பெரிய கல்லைப் பாரமானது என்போம், அவ்வளவே. ஏறத் தொடங்குமுன் நம்மை நிறுத்தி அண்ணாந்து பார்க்கச் செய்யும் மலைக்கே இவ்வடை பொருந்தும். எளிதில் வெல்லலாகாத எதிரி, செய்து முடித்தற்கரிய பணி, பிறர் வாதிடத் தயங்கும் அறிவு என்பவற்றுக்கும் ஆங்கிலேயர் இதனை வழங்குவர். 1942 ஏப்ரலில் யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கிய காலத்தில், இந்து சமுத்திரத்திலிருந்த பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலொன்றின் பெயரும் இதுவே. பிரெஞ்சுக்காரர் பேச்சிலோ அச்சம் தேய்ந்து, 'மிக அருமை' என்னும் பாராட்டாகவும் இச்சொல் வழங்குகின்றது.

மாணவர் பலர் இதனைப் 'பயங்கரமான' என்று மொழிபெயர்ப்பர். அதிலே மதிப்பில்லை. 'வலிமைமிக்க' என்றாலோ அச்சமில்லை. 'மலைக்கச் செய்யும்' என்பதே எமக்கு ஓரளவு பொருத்தமாகத் தோன்றுகின்றது. மலைப்பு என்பது காணப்படும் பொருளில் இல்லை. காண்பவர் உள்ளத்திலேயே உள்ளது. ஆகவே, இச்சொல் புகழா பழியா என்பதைச் சொல்பவரிடமே கேட்டறிதல் வேண்டும்.

கடிதத்தை மீண்டும் எடுத்தோம். மகிழ்ச்சியிலே நாம் கடந்து சென்ற வரி அடுத்ததாகவே இருந்தது: "மூன்று வருடம் உங்களிடம் படித்தும் ஒரு சந்தேகமாவது கேட்க எனக்குத் துணிவு வரவில்லை, சேர். இப்பொழுது மகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும்போது அவையெல்லாம் நினைவுக்கு வருகின்றன."

எம் வகுப்பிலே நிலவிய அமைதியை நாம் மதிப்பென்றே எண்ணியிருந்தோம். பகைவரைத் தயங்கச் செய்யும் வலிமை நாட்டுக்கு அரண். பிள்ளையைத் தயங்கச் செய்யும் வலிமை கல்விக்குத் தடை.

கேளாது விட்ட ஐயங்களை எழுதியனுப்புமாறு அவருக்கு மறுமொழி வரைந்தோம். இப்பொழுது ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் பத்து நிமிடத்தை வினாக்களுக்கென ஒதுக்குகின்றோம். முதல் மூன்று நாளும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான்காம் நாள் பின்வரிசையிலே ஒரு கை பாதியளவு உயர்ந்தது.