மயக்கத்துக்கு ஆங்கிலத்தில் என்ன?

வானொலியில் சரியான சொல் நாக்கில் வராவிட்டால் ஒரு பாடலைப் போட்டுச் சமாளித்துவிடலாம். பலதுறை மருந்தகத்தில், மருத்துவருக்கும் பாட்டிக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும்போது அந்த வசதி இல்லை.

எங்கள் வீட்டில் பாட்டியை மருந்தகத்துக்கு அழைத்துப்போவது என் பொறுப்பு. அவருக்குத் தமிழும் கொஞ்சம் மலாயும் தெரியும். அதனால் மருத்துவர் என் முகத்தைத்தான் பார்ப்பார். உங்களில் பலரும் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பீர்கள். நாள் முழுக்க ஆங்கிலத்தில் வேலை பார்க்கிறோம். ஆனாலும் “மயக்கமா வருதும்மா” என்று பாட்டி சொன்னதும் ஒரு கணம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

தலை சுற்றினாலும் மயக்கம், கண் இருட்டினாலும் மயக்கம், நினைவு தப்பி விழுந்தாலும் மயக்கம். ஆங்கிலத்தில் ‘டிஸி’ என்றால் தலைசுற்றல். ‘ஃபெயின்டட்’ என்றால் நினைவிழந்தே விட்டார். எதைச் சொல்கிறோமோ அதற்கேற்ப மருத்துவரின் அடுத்த கேள்வியும் பரிசோதனையும் மாறும். அதனால் முதலில் பாட்டியிடம் தமிழிலேயே திருப்பிக் கேட்பேன்: “வீடே சுத்துற மாதிரி இருக்கா, இல்ல கண்ணு இருட்டிக்கிட்டு வருதா?” அவர் பதில் சொன்னதும் ஆங்கிலம் தானாக வந்துவிடும்.

‘டயர்ட்’, ‘வீக்’ இரண்டையும் நாம் ஒன்றாகவே பேசிப் பழகிவிட்டோம். முதலாவது களைப்பு. இரண்டாவதைக் கேட்டால், கைகால்களில் பலம் குறைந்துவிட்டதா என்று மருத்துவர் யோசிப்பார். திடீரென்று ஒரு பக்கக் கை மட்டும் பலமிழந்தால் அது பக்கவாதத்தின் அறிகுறியாக இருக்கலாம். அப்போது சொல் தேட நேரமில்லை. 995ஐ அழைக்க வேண்டும்.

‘ஹார்ட்பர்ன்’ என்ற பெயரில் இதயம் இருக்கிறது. ஆனால் அது இரைப்பை அமிலம் மேலேறுவதால் வரும் எரிச்சல். “நெஞ்சு எரியுது” என்று பாட்டி சொன்னால் நான் அந்தப் பெயரைச் சூட்டுவதில்லை. நெஞ்சில் எங்கே எரிகிறது, சாப்பிட்ட பிறகா, நடக்கும்போதா என்று மட்டும் சொல்வேன். அது இரைப்பையா இதயமா என்று முடிவு செய்வது மருத்துவர் வேலை.

இவை எல்லாவற்றையும்விட எச்சரிக்கை தேவைப்படுவது “அந்த மாத்திரை ஒத்துக்கல” என்பதற்குத்தான். வாயில் சட்டென்று வருவது ‘அலர்ஜி’. தோலில் தடிப்பு, முகம் அல்லது உதடு வீக்கம், மூச்சுத்திணறல் வந்திருந்தால் அப்படிச் சொல்வது பொருத்தம், சொல்லியே ஆகவேண்டும். வயிற்றைப் புரட்டியது என்றால் பெரும்பாலும் அது ‘சைட் எஃபெக்ட்’, பக்கவிளைவு. வயிற்றுப் புரட்டலை அலர்ஜி என்று சொல்லி, அதுவே மருத்துவப் பதிவில் ஏறிவிட்டால், நாளைக்குக் கடுமையான கிருமித்தொற்று வரும்போது நல்ல மருந்து ஒன்றையே தவிர்க்க நேரலாம். ஆகவே ‘ஒத்துக்கல’ என்றால் என்ன நடந்தது, மாத்திரை போட்டு எவ்வளவு நேரத்தில் நடந்தது என்று கேட்டு, அதை அப்படியே சொல்லிவிடுவது நல்லது.

வலிக்கும் இப்படித்தான். விண்விண்ணென்று தெறித்தால் ‘த்ராபிங்’, சுருக்கென்று குத்தினால் ‘ஸ்டாபிங்’, மூட்டு உளைந்தால் ‘ஏக்’. “வலிக்குது” என்பதோடு நிறுத்தாமல் எப்படி வலிக்கிறது என்று கேட்டால், பெரியவர்கள் நம் அகராதியைவிட நுட்பமாகவே சொல்வார்கள்.

மருந்தகத்துக்குப் போவதற்கு முந்தைய இரவு, பாட்டி சொல்வதைக் கைப்பேசியில் தமிழிலேயே குறித்துக்கொள்கிறேன். எங்கே, எப்போது, எத்தனை நேரம். ஐந்து நிமிட வேலைதான். நீங்களும் இன்றிரவு உங்கள் வீட்டுப் பெரியவரிடம் கேட்டுப் பாருங்கள்.