பங்க்கில் ஒரு குப்பைத் தொட்டி

குப்பைத் தொட்டியைப் பற்றியும் ஒரு கட்டுரையா என்று முகத்தைச் சுளிக்காதீர்கள், நண்பர்களே! ஓர் ஊரின் பண்பை அறியக் கோயிலைப் பார்ப்பவர் உண்டு. நூலகத்தைப் பார்ப்பவரும் உண்டு. தில்லிக்குப் படிக்க வந்த இரண்டு ஆண்டுகளில், விடுதிக்கு அருகிலுள்ள பெட்ரோல் பங்க்கின் குப்பைத் தொட்டியைப் பார்த்தே நான் பலவற்றைத் தெரிந்துகொண்டேன்.

என் பழைய ஸ்கூட்டருக்கு வாரம் ஒருமுறை காற்றடிக்க வேண்டும். காற்றடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் பச்சைத் தொட்டி ஒன்று, நீலத் தொட்டி ஒன்று. ஈரக் குப்பைக்குப் பச்சை, உலர்ந்ததற்கு நீலம். வழிப்போக்கர்கள் பழத்தோலையும் பிஸ்கட் உறையையும் போடுவதற்காக வைத்தவை. ஒருநாள் பளபளப்பான கார் ஒன்று வந்து நின்றது. பெட்ரோலும் போடவில்லை, காற்றும் அடிக்கவில்லை. பின்கதவு திறந்தது, மூன்று நாள் வீட்டுக் குப்பை மூட்டையாக இறங்கியது, கார் பறந்தது! மற்றொரு நாள் கிழிந்த தலையணை ஒன்று தொட்டிக்குள் சுகமாகப் படுத்திருந்தது.

ஈரம், உலர்ந்தது, வீட்டு அபாயக் கழிவு என்று குப்பையை வீட்டிலேயே மூன்றாகப் பிரிக்க வேண்டுமென 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் கூறின. வீட்டில் பிரிக்காத மூட்டையைப் பங்க்கில் பிரிப்பவர் யார்? அங்கே பெருக்குகிற பெரியவர்தாம். சென்ற குளிர்காலத்தில் அப்படியொரு மூட்டைக்குள் இருந்த உடைந்த பாட்டில் அவர் உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. துணி சுற்றிய கையோடு பெருக்கிக்கொண்டிருந்தார். “யார் போட்டது?” என்று கேட்டேன். “வண்டி போய்விட்டது, பேட்டா, கை இங்கேதானே இருக்கிறது!” என்றார்.

கண்ணாடியால் வரும் துன்பம் ஒருவர் கையோடு போயிற்று. நெருப்பு அப்படி நிற்குமா? தில்லியின் கடுங்குளிரிலும் பெட்ரோல் ஆவியாகும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து பள்ளங்களில் தங்கும். அத்தகைய இடத்தில், காகிதம் நிறைந்த தொட்டிக்குள் அணையாத சிகரெட் துண்டைப் போடுகிறவரை என்னவென்று சொல்வது? ஆபத்துக்கு உதவட்டும் என்று சிவப்பு வாளிகளில் மணல் வைத்திருக்கிறார்கள். அவற்றையும் நம் மக்கள் விட்டுவைப்பதில்லை. வெற்றிலை எச்சில், கசக்கிய ரசீது, பிளாஸ்டிக் உறை எல்லாம் அங்கேதான்! தீயை அணைக்க வைத்த வாளியே தீக்கு இரையைச் சேர்த்து வைத்திருக்கிறது.

இவ்வாறு செய்பவர்கள் எழுத்தறியாதவர்கள் அல்லர். ‘பொது’ என்ற சொல்லுக்கு ‘நமக்கும் உரியது’ என்று பொருள். ‘யாருக்கும் உரியதன்று’ என்று இவர்கள் பொருள் கொண்டுவிட்டார்கள். வந்த கோளாறெல்லாம் அதனால்தான்.

தை பிறந்தால் நம் சங்கத்தின் பொங்கல் விருந்து வரும். விருந்து முடிந்ததும் எச்சில் இலைகளையும் காகிதக் குவளைகளையும் வாரி, அருகிலுள்ள ஏதோவொரு தொட்டியில் திணித்துவிட்டுக் கலைந்து போக வேண்டாம். இலையைத் தனியே, காகிதத்தைத் தனியே கட்டுவோம். கண்ணாடி உடைந்திருந்தால் கெட்டித் தாளில் சுற்றி, குப்பை வண்டிக்காரரிடம் சொல்லியே கொடுப்போம். பத்துப் பேர் அரைமணி நேரம் நின்றால் முடிகிற வேலை இது. முதல் ஆளாக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். மற்ற ஒன்பது பேர் யார்?